மாயக்கதையும் காதற்கதையும்: பூட்டுப் போடுவோர்க்கு ஒரு மறுப்பு

நம் பிள்ளைகளின் கையில் கதைப் புத்தகம் ஒன்றைக் கண்டுவிட்டால் முகஞ் சுளிப்பதையே தங்கள் கடமையாகக் கொண்ட பெரியோர்கள் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இன்றும் குறைவின்றி இருக்கிறார்கள். அக்கதை மந்திரவாதியையும் மாயக் கோட்டையையும் பற்றியதாக இருந்தால் "பைத்தியக்காரத்தனம்" என்பார்கள். ஓர் ஆணும் ஒரு பெண்ணும் ஒருவரையொருவர் விரும்பிய செய்தியைச் சொல்லுவதாக இருந்தால் "கெட்டுப் போவதற்கு வழி" என்பார்கள். பெற்றோர் பிடுங்கி வைக்கிறார்கள்; உபாத்தியாயர் கண்டிக்கிறார்; மேடையில் பேசுவோர் இரண்டு வகைக் கதைகளையும் ஒரே மூச்சில் சபித்துவிட்டு, நீதி நூல்களைப் படியுங்கள் என்று புத்தி சொல்லி அமர்கிறார்கள். சபையோர் கைதட்டுகிறார்கள். பிள்ளைகள் வீட்டுக்குப் போய், அதே கதைகளை ஒளித்து வைத்துப் படிக்கிறார்கள்.

இவ்விஷயத்தில் நமது அபிப்பிராயத்தை ஒளிவு மறைவின்றிச் சொல்லிவிட விரும்புகிறோம். பதின்மூன்று வயது முதல் இருபது வயது வரையுள்ள நம் பிள்ளைகள் மாயக்கதைகளையும் காதற்கதைகளையும் தாராளமாகப் படிக்க வேண்டும். தமிழில் படிக்க வேண்டும். தமிழில் கிடைக்காதவற்றை ஆங்கிலத்திலும் மலாயிலும் படிக்க வேண்டும். படித்தவற்றைப் பற்றி வீட்டிலும் பள்ளியிலும் அச்சமின்றி வாதாட வேண்டும். பூட்டுப் போடுவோர் இரண்டு பொருள்களைக் காப்பாற்றுவதாக எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். ஒன்று பிள்ளைகளின் ஒழுக்கம். மற்றொன்று தமிழ் மொழி. அப்பூட்டினாலேயே அவர்கள் இவ்விரண்டையும் இழந்து வருகிறார்கள் என்பதே நமது குற்றச்சாட்டு. அதை ஆதாரத்தோடு நிலைநாட்டக் கடமைப்பட்டிருக்கிறோம்.

காதல் இரவல் சரக்கா?

முதல் ஆட்சேபம், காதற்கதை மேல்நாட்டார் கொண்டுவந்து புகுத்திய நோய், தமிழர் பண்பாட்டுக்கு ஒவ்வாதது என்பதாகும். இதைச் சொல்லுவோர் தம்மைத் தமிழ்ப் பற்றுடையவர்களாகக் காட்டிக்கொள்ளுவதுதான் வேடிக்கை. தொல்காப்பியர் பொருளதிகாரத்தில் களவியல் என்று ஓர் இயலையே வகுத்தார். களவாவது, பெற்றோர் கொடுக்காமல், சடங்கு ஏதுமின்றி, இருவர் உள்ளம் தாமே ஒன்றுபடும் ஒழுக்கம். சங்கச் செய்யுட்களில் பெரும் பகுதி அகப்பாட்டுக்களே. திருக்குறளின் 1,330 பாக்களுள் 250 காமத்துப்பாலைச் சேர்ந்தவை. இவற்றையெல்லாம் கழித்துவிட்டால் தமிழ்ப் பண்பாடு என்று கையில் மிஞ்சுவது யாது? குறளை மேடைதோறும் முழக்கும் நம்மவர், பிள்ளைகளுக்கு ஒப்புவிக்கும் போட்டி வைக்கும்போது பெரும்பாலும் அந்த 250 பாக்களை ஓசைப்படாமல் ஒதுக்கிவிடுகிறார்கள். வள்ளுவருக்கே பூட்டுப் போடத் துணிந்தவர்கள் நாவலாசிரியரை விடுவார்களா?

தமிழ் நாவலின் சரித்திரத்தையாவது இவர்கள் பார்க்கட்டும். 1879-ல் வெளிவந்த வேதநாயகம் பிள்ளையின் பிரதாப முதலியார் சரித்திரத்தில், ஞானாம்பாள் ஆண் வேடந் தரித்து ஒரு நாட்டையே ஆளுகிறாள். கதைக்குள் நிகழும் கற்பனைதான். ஆயினும் வீட்டை விட்டு வெளிவராத பெண்கள் மலிந்திருந்த காலத்தில், ஒரு பெண்ணின் அறிவு அரசாளப் போதும் என்று அச்சில் சொன்ன கற்பனை அது. சைவத்திலும் தனித்தமிழிலும் உறுதியான மறைமலையடிகள், ஆங்கிலக் கதையொன்றைத் தழுவி நாகநாட்டரசி என்னும் காதல் நாவலை எழுதினார். கோகிலாம்பாள் கடிதங்கள் என்னும் மற்றொரு நாவலில், இளம் விதவை ஒருத்தியின் காதலை அவள் எழுதும் கடிதங்களாலேயே கூறினார். அவருக்கு இல்லாத கூச்சம் இவர்களுக்கு எங்கிருந்து வந்தது? சிறு பிராயத்திலேயே மணஞ் செய்விக்கப்பட்ட வை. மு. கோதைநாயகி அம்மாள், 115 நாவல்கள் எழுதி, ஜகன்மோகினி என்னும் பத்திரிகையையும் நடத்தினார். அந்நாவல்களுக்காகக் காத்திருந்து படித்த பெண்கள் பலர்.

இந்த மண்ணின் கதையோ இன்னும் தெளிவானது. மலாயாவில் எழுந்த தொடக்க காலத் தமிழ் நாவல்களுள் ஒன்று க. வெங்கடரத்தினத்தின் கருணாசாகரன், ஆண்டு 1917. அந்நாவலுக்கு ஆசிரியர் இட்ட மறுபெயர் "காதலின் மாட்சி" என்பது. அதாவது, இந்நாட்டுத் தமிழ் நாவல் பிறக்கும்போதே காதலைத் தன் பெயரில் வைத்துக்கொண்டு பிறந்தது. அதைக் குழந்தைப் பருவத்திலேயே கழுத்தை நெரிக்கத் தவறியவர்கள் நூறாண்டு கழித்துப் புலம்புவதில் யாருக்கு என்ன பிரயோசனம்?

ஆனால் இந்த ஆட்சேபத்தின் வேர் பண்பாட்டில் இல்லை, வேறிடத்தில் இருக்கிறது. காதற்கதை படிக்கும் பெண் அதிலிருந்து ஒரு சிறு கேள்வியைக் கற்றுக்கொள்ளுகிறாள். "என்னை யார் கேட்டார்கள்?" என்பதே அக்கேள்வி. ஜாதி பார்த்து, குலம் பார்த்து, ஜாதகம் பார்த்து, நகையும் ரொக்கமும் பேசி, எல்லாம் முடிந்த பின்பு மணப்பெண்ணுக்குச் செய்தி சொல்லும் வழக்கம் நம்மிடையே அற்றுப் போய்விட்டதென்று யாரேனும் சத்தியம் செய்வார்களா? அவ்வழக்கத்துக்கு இக்கேள்வி ஆபத்தானதுதான். பண்பாட்டின் பெயரால் எழும் கூக்குரலில் பாதி, ஜாதியைக் காக்க எழும் கூக்குரல் என்பதை நாம் நன்கு அறிவோம்.

பகுத்தறிவாளர்க்கு ஒரு வார்த்தை

இரண்டாவது ஆட்சேபம் நம் சொந்த முகாமிலிருந்து வருகிறது. பேய், பில்லி, மந்திரம், மறுபிறப்பு ஆகிய மூடநம்பிக்கைகளை ஒழிக்க இத்தனை ஆண்டு பாடுபட்ட நாம், மந்திரக் கதையைப் பிள்ளைகள் கையில் கொடுக்கலாமா என்று சீர்திருத்த அன்பர்கள் கேட்கிறார்கள். நேர்மையான கேள்வி, நேர்மையாகவே விடை கூறுவோம்.

கதைசொல்லி தன்னைக் கதைசொல்லி என்று சொல்லிக்கொள்ளுகிறான். தாயத்து விற்பவன் அப்படிச் சொல்லிக்கொள்வதில்லை. கதைசொல்லி, "இது நடவாதது, நடந்தால் எப்படியிருக்கும் என்று எண்ணிப் பார்" என்கிறான். தாயத்துக்காரனோ, "இது நடந்தது, உனக்கும் நடக்கும், பணத்தை எடு" என்கிறான். முன்னவன் கற்பனை செய்யக் கற்றுக்கொடுக்கிறான். பின்னவன் நம்பச் சொல்லுகிறான். மாயக்கதை நூறு படித்த பிள்ளை துடைப்பத்தின்மேல் ஏறி மாடியிலிருந்து குதிப்பதில்லை. கதை எப்படிக் கட்டப்படுகிறது என்று அறிந்த அப்பிள்ளையிடம் சாமியாடியின் கதை எளிதில் செல்லாது என்பதே நமது நம்பிக்கை. ஆங்கில நாவலாசிரியை ஜேன் ஆஸ்டின் இதை நன்கு உணர்ந்திருந்தார். அவர் இறந்த பின்பு 1817-ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்த நார்த்தாங்கர் ஆபி என்னும் நாவலில், நாவல் படிப்பதை இழிவாகப் பேசுவோரை அவர் கண்டிக்கிறார். அதே நாவலில், திகில் கதைகளை மெய்யென்று நம்பிப் பிறர் வீட்டில் கொலை நடந்திருக்குமென்று கற்பித்துக்கொண்ட பெண்ணைப் பார்த்துச் சிரிக்கவும் செய்கிறார். படி, ஆனால் மயங்காதே என்பது அவர் காட்டும் வழி.

மேலும், மாயம் என்றாலே மூடத்தனம் என்போர் மணிமேகலையை என்ன செய்யப் போகிறார்கள்? அப்பெருங்காப்பியத்தில் கதாநாயகி வானத்தில் பறக்கிறாள், வேற்றுருக் கொள்ளுகிறாள், அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபியைக் கையில் ஏந்துகிறாள். எதற்காக? பசித்தவர்க்குச் சோறிடுவதற்காக. சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக மாற்றுமாறு அரசனிடம் கேட்டுப் பெறுகிறாள். அந்தப் பாத்திரத்தை அவளுக்கு முன் வைத்திருந்த ஆபுத்திரனோ, வேள்விக்குக் கட்டிய பசுவை அவிழ்த்துவிட்டதற்காக ஊரார் துரத்தியவன். அவன் பிறப்பைச் சொல்லி வைதவர்களை எதிர்த்து வாதாடியவன். அவன் மறுபடி பிறந்து அரசாளும் நாடாகக் காப்பியம் கூறுவது சாவகம். இன்றைய ஜாவா அதுவென்பர். நம் கடலின் தீவுகள் வரை வந்த கதை அது. மறுபிறப்பை நாம் ஒப்பவில்லை. ஆனால் வெறுங் கை ஒன்று உலகத்தின் பசியைத் தீர்க்க முடியுமானால் என்ற கனவை நாம் ஏன் தள்ள வேண்டும்?

மலாய்ப் பெருநூலாகிய செஜாரா மெலாயுவை எடுத்துக்கொள்ளுவோம். சிங்கப்பூர்க் கரையில் வாள்மீன்கள் துள்ளிப் பாய்ந்து மக்களைக் குத்திக் கொல்லுகின்றன. அரசன் ஆட்களை வரிசையாக நிறுத்தி அவர்கள் கால்களையே வேலியாக்குகிறான். அவர்கள் மாண்டு விழுகிறார்கள். ஒரு சிறுவன், வாழைத்தண்டுகளை நட்டு வேலி போடலாமே என்கிறான். மீன்களின் மூக்குத் தண்டிலே சிக்கிக்கொள்ள, ஊர் பிழைக்கிறது. பிறகு நடந்ததென்ன? இவ்வளவு புத்தியுள்ள சிறுவன் வளர்ந்தால் ஆபத்து என்று அமைச்சர்கள் ஓத, அரசன் அவனைக் கொல்லுவிக்கிறான். நடக்க முடியாத கதைதான். ஆனால் அதிகாரம் அறிவைக் கண்டு எப்படி அஞ்சும் என்பதை இதைவிடச் சுருக்கமாக ஒரு பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு எந்தப் பிரசங்கி சொல்லிவிடுவான்?

"இதனால் என்ன பயன்?"

மூன்றாவது ஆட்சேபம் வியாபார புத்தியுடையோர் எழுப்புவது. பரீட்சைக்கு உதவாது, வேலைக்கு உதவாது, உலகத்தை மறந்து ஓடுவதற்கே இக்கதைகள் பயன்படும் என்கிறார்கள். இதற்கு ஹாபிட் என்னும் கதையை 1937-ல் வெளியிட்ட டோல்கியன், 1939-ல் ஸ்காட்லாந்தில் ஆற்றிய ஒரு சொற்பொழிவில் விடை கூறியிருக்கிறார். சிறையில் அடைபட்டவன் வெளியுலகை நினைப்பதையும், போர்க்களத்தில் நிற்க வேண்டியவன் புறங்காட்டி ஓடுவதையும் ஒன்றாக்கிப் பேசுகிறீர்கள் என்பது அவர் வாதத்தின் சாரம். காலையில் பள்ளி, மாலையில் டியூஷன், இரவில் வீட்டுப்பாடம் என்று அடைபட்ட பிள்ளை இரண்டு மணி நேரம் வேறோர் உலகத்தில் உலாவி வருவதை ஓட்டம் என்று இகழ்வது நியாயமா?

பயனைப் பற்றியே பேசுவதானால், தமிழின் பயனைப் பற்றிப் பேசுவோம். மலேசியாவில் ஐந்நூறுக்கு மேற்பட்ட தமிழ்ப் பள்ளிகள் இருக்கின்றன. சிங்கப்பூரில் தமிழ் நான்கு ஆட்சி மொழிகளுள் ஒன்று. இவ்வளவு இருந்தும் நம் பிள்ளைகள் தமிழை எதற்காகத் தொடுகிறார்கள்? கட்டுரைக்கு, இலக்கணத்துக்கு, பரீட்சைக்கு. சிரிப்பதற்கும் அழுவதற்கும் பயப்படுவதற்கும் காதலிப்பதற்கும் வேறு மொழியின் புத்தகத்தைத் தேடிப் போகிறார்கள். தமிழில் அறிவுரை, ஆங்கிலத்தில் ஆனந்தம் என்று நாமே பாகம் பிரித்துக் கொடுத்துவிட்டோம். இளமையில் எந்த மொழியில் கனவு காணவில்லையோ, முதுமையில் அந்த மொழிக்காக யார் கண்ணீர் விடுவார்கள்? பரீட்சை முடிந்த மறுநாளே தமிழ்ப் புத்தகத்தை மூலையில் எறியும் பிள்ளையைக் குற்றஞ் சொல்ல நமக்கு யோக்கியதை இல்லை.

எல்லாம் நல்லவை என்றோமா?

இங்கே நம்மைத் தவறாக எண்ண வேண்டாம். கதை என்று அச்சில் வந்த அனைத்தும் அமிர்தம் என்று நாம் கூறவில்லை. மந்திரம் உண்டா, முத்தம் உண்டா என்று பக்கத்தைப் புரட்டிப் பார்க்கும் வேலையை விட்டுவிட்டு, ஒவ்வொரு கதையிடமும் இரண்டு கேள்விகள் கேட்க வேண்டும் என்கிறோம். முதலாவது: இக்கதையில் ஆற்றல் யாருக்குச் சொந்தம்? பிறப்பால் வந்ததா, முயற்சியாலும் அறத்தாலும் வந்ததா? இரண்டாவது: இக்கதையில் பெண்ணின் "வேண்டாம்" என்ற சொல்லுக்கு மதிப்பு உண்டா?

இவ்விரண்டையும் பிடித்துக்கொண்டு பார்த்தால், பெரியோர் பயப்படும் கதை ஒன்றாகவும் பயப்பட வேண்டிய கதை வேறொன்றாகவும் இருக்கக் காணலாம். ஹாரி பாட்டர் வரிசையில் 1997 முதல் 2007 வரை ஏழு நூல்கள் வெளிவந்தன. மந்திரத்தைக் கற்பிக்கிறது என்ற குற்றச்சாட்டு அமெரிக்காவில் பலமாக எழுந்தது. 2000 முதல் 2009 வரை அந்நாட்டு நூலகங்களில் அதிகமாக ஆட்சேபிக்கப்பட்ட நூல்களின் பட்டியலில் அமெரிக்க நூலகச் சங்கம் அதை முதலிடத்தில் காட்டிற்று. ஆனால் கதையில் நடப்பது யாது? தூய இரத்தம் என்று பிறப்பை வைத்துப் பெருமை பேசுவோரே அதில் கொடியவர்கள். மந்திரம் அறியாத பெற்றோருக்குப் பிறந்த ஹெர்மயனி என்னும் பெண்ணே வகுப்பில் யாவரினும் சிறந்த மாணவி. அவளை இழிசொல்லால் அழைப்போர் தலைகுனிகிறார்கள். வருணாசிரமத்தை எதிர்ப்போர் இதைப் பார்த்து அஞ்சுவதற்கு என்ன இருக்கிறது?

இதற்கு மாறாக, 2005-ல் வெளிவந்து உலகெங்கும் பெண் பிள்ளைகள் உருகிப் படித்த ட்வைலைட் என்னும் இரத்தக்காட்டேரிக் காதற்கதையைப் பாருங்கள். அதன் கதாநாயகன், பெண் அறியாமல் இரவில் அவள் அறைக்குள் புகுந்து அவள் உறங்குவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். பின்வரும் பாகத்தில் அவள் தன் நண்பனைப் பார்க்கப் போகாதபடி அவளுடைய வண்டியைக் கெடுத்து வைக்கிறான். இவையெல்லாம் அன்பின் மிகுதி என்று அங்கே காட்டப்படுகின்றன. அன்பா, ஆதிக்கமா? நம் தமிழ்க் காதற்கதைகளிலும் இந்நோய் இல்லாமலில்லை. நாயகன் காரணமின்றிச் சந்தேகிப்பான், சொல்லால் சுடுவான், சில கதைகளில் கையும் ஓங்குவான். கடைசி அத்தியாயத்தில் ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டால் அத்தனையும் மன்னிக்கப்படும். இத்தகைய கதைகளைப் பிடுங்கிக் கிழிப்பதால் பயனில்லை. கிழித்த புத்தகத்தின் மறுபிரதி தோழியின் பையில் இருக்கும். பெற்ற தாய் மகளின் பக்கத்தில் அமர்ந்து, "உன்னிடம் ஒருவன் இப்படி நடந்தால் நீ என்ன செய்வாய், அம்மா?" என்று கேட்கட்டும். அந்த ஒரு கேள்வி பத்துப் பூட்டுகளுக்குச் சமானம். திருட்டுத்தனமாகப் படிக்கும் பெண்ணிடம் அதைக் கேட்க முடியாது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

எவற்றைப் படிப்பது?

வெறும் வாதத்தோடு நின்றால் போதாது. ஆகவே நம் இளைஞர்களுக்குச் சில நூல்களைத் துணிந்து சிபாரிசு செய்கிறோம்.

பன்னிரண்டு, பதின்மூன்று வயதினர்க்கு, மலேசிய எழுத்தாளர் ஹன்னா அல்காஃப் ஆங்கிலத்தில் எழுதிய தி கேர்ள் அண்ட் தி கோஸ்ட் (2020) மிகவும் ஏற்றது. பாட்டியிடமிருந்து பெலெசிட் என்னும் பேய் பேத்தியை வந்தடைகிறது. தனிமையில் வாடிய அப்பெண்ணுக்கு அதுவே தோழனாகிறது. அவளுக்குப் பள்ளியில் சீனத் தோழி ஒருத்தி கிடைத்தவுடன் பேய்க்குப் பொறாமை மூளுகிறது. நேசம் எங்கே முடிந்து உடைமை எங்கே தொடங்குகிறது என்று அச்சிறு நூல் காட்டுவதுபோல் பெரிய நாவல்கள் பல காட்டவில்லை. அதே வயதினர்க்கு ரோஷனி சோக்ஷியின் ஆரு ஷா வரிசையும் (2018 முதல்) உகந்தது. பாண்டவர் ஐவரும் இக்காலப் பெண் பிள்ளைகளாக வருகிறார்கள். முற்பிறப்பினால் வரும் ஆற்றல் நமக்குச் சம்மதமில்லை. அதைப் பிள்ளைகளோடு வாதாடுங்கள். ஆனால் வில்லைப் பெண்ணின் கையில் கொடுத்த துணிவைப் பாராட்டாமல் இருக்க முடியாது.

பதினைந்து வயதுக்கு மேற்பட்டோர் உர்சுலா லெ குவினின் எர்த்ஸீ நூல்களைக் கட்டாயம் படிக்க வேண்டும். 1968-ல் வந்த முதல் நூலின் நாயகன் கெட், ஒரு கொல்லனின் மகன், செம்பழுப்பு நிறத்தவன். அவனுக்குக் கேடு செய்வது வெளிப்பகைவன் அல்லன், அவனுடைய செருக்கே. 2004-ல் அக்கதையைத் தொலைக்காட்சிப் படமாக்கியவர்கள் அவனை வெள்ளையனாக்கினார்கள். ஆசிரியை அதைப் பகிரங்கமாகக் கண்டித்தார். நிறத்தால் இழிவுபட்ட மக்கள் இதை அறிந்திருக்க வேண்டும். 1971-ல் வந்த இரண்டாம் நூலோ, நம் சமூகத்துக்கென்றே எழுதியதுபோல் இருக்கிறது. ஐந்து வயதுப் பெண் குழந்தையைப் பெற்றோரிடமிருந்து பிரித்து, முன்னைப் பூசாரிணியே மறுபடி பிறந்தாள் என்று சொல்லி, பெயரையும் பறித்து, இருட்டில் வாழும் தெய்வங்களுக்கு அர்ப்பணிக்கிறார்கள். அவள் எப்படி விடுபடுகிறாள் என்பது கதை. மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் 1936-ல் தாசிகள் மோசவலை என்னும் நாவலை எழுதியதும், 1947-ல் சென்னை மாகாணத்தில் தேவதாசி முறையை ஒழிக்கும் சட்டம் வந்ததும் அறிந்தவர்கள், அந்த அமெரிக்க மாதரசியின் மாயக்கதை யாருடைய துன்பத்தைப் பேசுகிறது என்று உடனே கண்டுகொள்ளுவார்கள். இரண்டு நூல்களையும் அடுத்தடுத்துப் படியுங்கள் என்போம். இன்னும் வளர்ந்தவர்கள், பினாங்கைக் களமாகக் கொண்டு ஸென் சோ எழுதிய பிளாக் வாட்டர் சிஸ்டர் (2021) நாவலைப் படிக்கலாம். நிலத்தை விழுங்கும் பணக்காரனுக்கும் ஒரு சிறு கோயிலுக்கும் நடக்கும் வழக்கில் பேய்கள் கட்சிக்காரர்களாக வருகின்றன.

தமிழில், கல்கியின் பொன்னியின் செல்வனை (1950 முதல் 1954 வரை தொடராக வந்தது) இளைஞர்கள் படிக்கத் தயங்க வேண்டாம். 2022-லும் 2023-லும் மணிரத்னத்தின் திரைப்படங்களைப் பார்த்துவிட்டு நூலைத் தேடுவோர் பெருகியது நல்ல அறிகுறி. அரச குலப் பெருமை அதில் மிகுதி. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் அக்கதையின் முடிவில் பெருமை பெறுபவன் கிரீடத்தைப் பிடித்தவன் அல்லன், விட்டுக்கொடுத்தவனே. புயலில் தனியே படகைச் செலுத்தும் பூங்குழலியை விட நம் பெண்களுக்கு நல்ல தோழி கிடைப்பது அரிது. முன்னே கூறிய மணிமேகலையை எளிய உரைநடையில் படியுங்கள். பிரதாப முதலியாரையும் விட்டுவிடாதீர்கள்.

எழுத்தாளர் மீது நமது வழக்கு

பட்டியலைப் படித்த நேயர்கள் ஒரு குறையைக் கண்டிருப்பார்கள். பெலெசிட் பேயைப் பற்றியும் பினாங்குக் கோயிலைப் பற்றியும் இந்நாட்டவர் எழுதியவை ஆங்கிலத்தில் இருக்கின்றன, உலகெங்கும் விலையாகின்றன. அவற்றுக்கு நிகராக இந்நாட்டுத் தமிழ்ப் பிள்ளை தன் மொழியில் படிக்கத்தக்க மாயக்கதைகள் எத்தனை? விளக்குப் போட்டுத் தேட வேண்டியிருக்கிறது. இதற்குக் காரணம் பொருள் இல்லாமையா? இராஜேந்திர சோழன் 1025-ல் படை செலுத்திய கடாரம் நம் காலடியில் கிடக்கிறது. கலிங்க நாட்டு வேந்தன் ஒருவன் கண்ணாடிப் பேழையில் கடலின் அடியில் இறங்கி அங்குள்ள அரசகுமாரியை மணந்ததாகச் செஜாரா மெலாயு சொல்லுகிறது. அடிமையாயிருந்த பாடாங், பேயைப் பிடித்துப் பலம் பெற்று, கலிங்கத்து மல்லனோடு பந்தயமிட்டுப் பெரும்பாறையைத் தூக்கி எறிந்த கதையும் அதில் உண்டு. அப்பாறையே சிங்கப்பூர் ஆற்றின் முகத்துவாரத்தில் எழுத்துக்களோடு நின்றதென்று சொல்லுவார் உண்டு. 1843-ல் வெள்ளையர் வெடிவைத்துத் தகர்த்த அக்கல்லின் துண்டு ஒன்று சிங்கப்பூர் தேசிய அரும்பொருளகத்தில் இருக்கிறது. அதிலுள்ள எழுத்தை இன்றுவரை ஒருவரும் படித்தாரில்லை. ஓர் அடிமை, ஒரு பேய், ஒரு கல், படிக்க முடியாத ஓர் எழுத்து! இவ்வளவையும் முன்னே வைத்துக்கொண்டு, மறுபடியும் மறுபடியும் குடிகாரத் தகப்பன் திருந்திய கதையையே எழுதிப் பரிசுக்கு அனுப்பும் நம் எழுத்தாளரை என்னவென்பது?

தோட்டத்துத் துயரத்தை எழுதுவது கடமை. அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் பால்வெட்டுக் காட்டின் விடியற்கால இருளில் நம் பாட்டிமார் கண்ட அச்சங்களும் சொன்ன கதைகளும் அத்துயரத்தின் மறுபாதி அல்லவா? அவற்றை எழுதாமல் விட்டால் அத்தோட்டங்களோடு அவையும் அழியும். போட்டி நடத்தும் சங்கத்தார் "சமுதாயச் சிந்தனை" என்ற தலைப்பை ஓராண்டாவது ஒதுக்கிவிட்டு, மாயக்கதைக்கும் இளைஞர் காதற்கதைக்கும் பரிசு வைக்கட்டும். 1950-களில் சிங்கப்பூர்த் தமிழ் முரசு, மாணவர் மணிமன்றம் என்று பிள்ளைகளுக்கென ஒரு பகுதியைத் திறந்துவிட்டது. அதில் எழுதிப் பழகிய மாணவர்கள் பின்னாளில் எழுத்தாளர்களாகத் திகழ்ந்தார்கள். பிள்ளைகளை நம்பிக் கதவைத் திறந்தால் என்ன விளையும் என்பதற்கு நமக்கு அயல் நாட்டு உதாரணம் தேவையில்லை.

பெற்றோர்களே! உங்கள் மகள் படிக்கும் காதற்கதையை நீங்களும் படியுங்கள். பிறகு அவளோடு பேசுங்கள். உபாத்தியாயர்களே! வாரத்தில் ஒரு மணி நேரமாவது மதிப்பெண் இல்லாத தமிழ்க் கதை வாசிப்புக்கு ஒதுக்குங்கள். அதைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொல்லாதீர்கள். நூல்நிலையத்தாரே! இளைஞர் அலமாரியில் நீதிக்கதைகளுக்கு அருகே இவற்றுக்கும் இடம் கொடுங்கள். வாலிபர்களே, யுவதிகளே! உங்களுக்கு நாம் சொல்ல வேண்டியது சொற்பம். படியுங்கள்; எந்த நாயகனுக்கும் எந்த மந்திரவாதிக்கும் தலைவணங்காமல் படியுங்கள். ஆற்றல் யாருடையது, அவளைக் கேட்டார்களா என்ற இரண்டு கேள்விகளையும் ஒவ்வொரு பக்கத்திலும் கேளுங்கள். கதையில் கேட்டுப் பழகியவர்கள் நாளைக்குக் கலியாணப் பந்தலிலும் பொது மன்றத்திலும் அவற்றைக் கேட்பார்கள். அப்போது பூட்டுப் போட்டவர்கள் விடை சொல்ல வேண்டி வரும்.